கணுக்கால் படத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள்

எக்ஸ்ரே பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு ஒரு மணித்தியாலம் பேச முடியுமா என்று கேட்டார்கள். இயந்திரங்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நான் தொட்டு வேலை செய்த இயந்திரம் ஒன்றுகூட இன்று இந்த ஆஸ்பத்திரியில் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மனிதரிடம் நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றியும், அவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு விடயத்தைப் பற்றியும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இதை நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

விடயம் விளங்க வேண்டுமென்றால் முதலில் ஒன்று தெரிய வேண்டும். காலின் இரத்தக் குழாய்கள் சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியாது. அவை சதையோடு சதையாக மறைந்துவிடும். அவற்றின் சுவரில் கல்சியம் படிந்து இறுகிப்போனால் மட்டும், எலும்புக்குப் பக்கத்தில் தண்டவாளம் போல இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். நீண்ட காலம் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தவர்களிடம், சிறுநீரகம் பழுதானவர்களிடம், வயது போனவர்களிடம் அதைப் பார்ப்பீர்கள். காலில் அது இருக்கிறவருக்கு இதயத்தைச் சுற்றியுள்ள குழாய்களும் கெட்டுப்போயிருக்கக் கூடும். கணுக்காலைப் படம் எடுக்கிறபோது இதயம் நமக்குத் தெரிவதில்லை. ஆனாலும் அதைப் பற்றிய ஒரு செய்தி அந்தப் படத்தில் வந்துவிடுகிறது.

அன்றைக்கும் இது எங்களுக்குத் தெரியாத விடயமல்ல. பாடப்புத்தகத்தில் இருந்தது. பார்த்துப் பார்த்துப் பழகி, அதைப் பார்க்காமலே விட்டுவிட்டோம்.

லண்டனில் அது ஒரு ஜனவரி மாதம். வீதியெல்லாம் பனி இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. காலையிலிருந்து வழுக்கி விழுந்தவர்களாகவே வந்துகொண்டிருந்தார்கள். கசுவல்டி என்ற அவசரப் பிரிவில் இருந்து எங்கள் கதவுவரை சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர் செய்துகொண்டிருந்தோம். பதினொரு மணியளவில் ஒரு தாளில் 'செபமாலை' என்ற பெயரைப் பார்த்தேன். வயது நாற்பத்தேழு. வலது கணுக்கால், எலும்பு முறிவா என்று கேட்டிருந்தார்கள்.

தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் படியில் விழுந்திருக்கிறார். மன்னார் ஆள். ஊரில் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தும் பிட்டராக இருந்தவர், இங்கே ஒரு பாண் பேக்கரியில் ஷிப்ட் வேலை. நான் வாய் திறந்ததும் என் தமிழைக் கேட்டு அவருடைய முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. அதுவரை கசுவல்டியில் அவர் சொன்ன இங்கிலீஷ் ஒருவருக்கும் விளங்கவில்லை, அவர்கள் சொன்னது அவருக்கும் விளங்கவில்லை. மேசையில் காலைத் திருப்பி வைக்கும்போது, எலும்பு முறிந்தால் ஆறு கிழமை வேலைக்குப் போக முடியாது, வேலை போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனிசியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையாம்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். இரண்டு பாதமும் அடிக்கடி மரத்துப்போகிறது, பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது, லண்டன் குளிருக்குத்தான் என்று நினைக்கிறேன் என்றார். எனக்கும் அப்படித்தான் அண்ணை, எங்கள் எல்லாருக்கும் குளிருக்கு அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

படம் கழுவி வந்தது. லைட் பொக்ஸில் மாட்டினேன். எலும்பு முழுசாக இருந்தது. அதற்குப் பின்னால், குதிகாலை நோக்கி, அந்த இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடின. பேனாவால் கீறியது போல அவ்வளவு தெளிவாக இருந்தன. நாற்பத்தேழு வயதுக் காலில் அதைக் கண்டு ஒரு கணம் நின்றேன் என்பது உண்மை. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் எங்கள் பிரிவின் பெரிய டொக்டர் இதை எழுதுவார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே அடுத்த நாற்காலி காத்துக்கொண்டிருந்தது.

முடிவை நாங்கள் நோயாளிக்குச் சொல்லக் கூடாது. அப்போது அந்த விதி இன்றையைவிட இறுக்கமாக இருந்தது. அவர் என்னுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்டும் இல்லை அண்ணை. யோசியாதேங்கோ."

எலும்பைத்தான் சொன்னேன். ஆனால் 'எலும்பு' என்ற சொல் என் வாயில் வரவில்லை. அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கும்பிட்டுவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

அவசரத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பேசுவது எங்கள் எல்லாருக்கும் வழக்கம். நீங்களும் செய்வீர்கள். நான் விட்டுவிட்ட அந்த ஒரு சொல் எங்கே போய் முடிந்தது என்பதைச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு பிற்பகல், வரவேற்பில் என்னைத் தேடி ஒரு தமிழ்ப் பெண் வந்திருப்பதாகச் சொன்னார்கள். கறுப்புச் சட்டை, கையில் கடித உறைகள் அடங்கிய ஒரு பை. தன் பெயர் திரேசா என்றும், செபமாலையின் மனைவி என்றும் சொன்னார். எனக்கு உடனே நினைவு வரவில்லை. பனிக்காலத்தில் காலைப் பிரட்டிக்கொண்டு வந்தவர் என்றதும் நினைவு வந்தது.

"அவர் மோசம் போயிட்டார் பிள்ளை" என்றார். "வாற சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் நினைவு. பூசை வைக்கிறம். நீங்கள் கட்டாயம் வர வேணும்." பையிலிருந்து ஓர் அழைப்பு உறையை எடுத்து நீட்டினார்.

வேலைத்தலத்தில், மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறார். அம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு. பிரேதப் பரிசோதனையில், அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம் இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்களாம். ஓயாமல் தண்ணீர் குடிப்பார், பேக்கரிச் சூட்டுக்குத்தான் என்று நினைத்தோம் என்றார் திரேசா. பிறகு அழாமல், கோபமும் இல்லாமல் சொன்னார்:

"ரெண்டு கிழமையாய் நெஞ்சை அடைக்குது எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். டொக்டரிட்டப் போங்கோ எண்டு நான் சொல்லாத நாள் இல்லை. ஆஸ்பத்திரியிலை எங்கட பிள்ளை ஒண்டு படம் எடுத்துப் பாத்து ஒண்டும் இல்லை எண்டு சொன்னது, இந்த டொக்டர்மாருக்கு என்ன தெரியும் எண்டு சொல்லிப்போட்டார்."

கணுக்காலை எடுத்த படம் நெஞ்சைக் காட்டாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரே என்றால் உடம்பு முழுதையும் பார்ப்பது என்று நினைத்திருக்கிறார். தன் மொழியில் ஒருத்தி சொன்ன சொல்லை, மனைவியின் சொல்லுக்கு மேலாக வைத்திருக்கிறார். இதையெல்லாம் திரேசா எனக்கு நன்றியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நீங்கள் தமிழில் கதைத்ததைப் பற்றி வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் சொன்னார் தெரியுமா என்றார். நான் கடித உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் போன பிறகு பழைய படங்கள் வைத்திருக்கும் கீழ்த்தளத்துக்குப் போய் அவருடைய படத்தைத் தேடி எடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அறிக்கையை வாசித்தேன். 'எலும்பு முறிவு இல்லை.' அவ்வளவுதான். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோடுகள் அப்படியே இருந்தன.

அந்த அறிக்கையை எழுதியவர் எங்கள் பெரிய டொக்டர். ஸ்கொட்லாந்துக்காரர், அதிகம் பேசாதவர், அவருக்கு முன்னால் மற்ற மூத்த டொக்டர்மாரே குரலைத் தாழ்த்துவார்கள். படத்தை எடுத்துக்கொண்டு நேரே அவருடைய அறைக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் படத்தை மாட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். கோடுகளை அன்றும் பார்த்திருப்பேன் என்றார். எலும்பு முறிவா என்று கேட்டார்கள், இல்லை என்று பதில் எழுதினேன், கேட்காததற்குப் பதில் எழுதும் பழக்கம் எனக்குப் போய்விட்டது என்றார். நாங்கள் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றார். சீனியைக் கண்டுபிடித்திருப்பார்கள், நெஞ்சு அடைத்தபோது அவர் பயந்து ஓடிப்போயிருப்பார், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார்.

திரேசாவிடம் இதைச் சொல்லவா என்று கேட்டேன்.

"அதைச் சொல்லப்போவது அவருக்காகவா, உங்களுக்காகவா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை பூசைக்குப் போனேன். மாதா கோயில் மண்டபத்தில் திரேசா என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். வந்தவர்களுக்கெல்லாம், இந்தப் பிள்ளைதான் அவருக்கு ஆறுதல் சொன்னது என்று என்னைக் காட்டினார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், சொல்லவில்லை. பெரிய டொக்டர் கேட்டது நியாயமான கேள்வி என்று பல வருடம் நம்பினேன். எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை கசுவல்டிப் படத்தில் முறிவு தெரிந்தால் மட்டும் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவோம், அங்கிருக்கும் இளம் டொக்டர் தவறவிடாமல் இருப்பதற்காக. அறுபது வயதுக்குக் குறைந்தவர்களின் காலில் அந்தக் கோடுகளைக் கண்டாலும் பொட்டு ஒட்டச் சொன்னார் பெரிய டொக்டர். அறிக்கையில் தன் கையால் ஒரு வரி சேர்த்து, நோயாளியின் குடும்ப டொக்டரான ஜிபிக்குப் போகச் செய்தார். கசுவல்டியில் முறுமுறுத்தார்கள். முறிவே இல்லாத படத்துக்கு ஏன் பொட்டு என்று சில படங்கள் திரும்பியும் வந்தன. அவர் மறுபடியும் அனுப்பினார்.

ஆனால் நான் அத்தோடு நிற்கவில்லை. அங்கேதான் இரண்டாவது பிழை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஆங்கிலேயர் முழங்கால் வலி என்று வந்தார். வயது எழுபத்தைந்து. அந்த வயதில் இந்தக் கோடுகள் பலருக்கும் இருக்கும். பொட்டு ஒட்ட வேண்டிய வயதும் இல்லை. என் மனதில் செபமாலை இருந்தார். உங்கள் காலின் குழாய்கள் சுண்ணாம்பாகிவிட்டன, இதயமும் அப்படியாகியிருக்கும், உடனே டொக்டரிடம் போங்கள் என்று அந்தக் கிழவரிடம் நேரே சொன்னேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவருடைய மனைவியிடமிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்தது. ஜிபி பார்த்து, வயதுக்கேற்ற உடம்புதான், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லையாம். மாடிப்படி ஏறப் பயந்து கீழே கதிரையிலேயே நித்திரை கொள்கிறாராம். கவுன்சில் கொடுத்த தோட்டத்துண்டில் ஒவ்வொரு வருடமும் உருளைக்கிழங்கு போடுகிறவர், அந்த வருடம் மண்வெட்டியைத் தொடவில்லையாம். கடிதத்தில் திட்டு ஒன்றும் இல்லை. என் கணவரை எனக்குத் திருப்பித் தர யாராவது அவரோடு பேச முடியுமா என்றுதான் கேட்டிருந்தார்.

பெரிய டொக்டர் அவரை வரவழைத்து அரை மணித்தியாலம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கோடு தீர்ப்பு இல்லை, கதவில் தட்டுகிற சத்தம் மட்டும்தான் என்றார். யார் தட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டியது வேறு ஆட்களுடைய வேலை. தட்டுகிற சத்தம் அவர்கள் காதில் விழச் செய்வதுதான் எங்கள் வேலை. நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். அந்தத் தபால்காரர் அடுத்த வருடம் தோட்டத்துக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பெரிய டொக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நான் அப்போது பிரிவில் மூத்தவள். ஒரு நாள் தாளில் 'திரேசா' என்ற பெயரைக் கண்டேன். பஸ்ஸில் இருந்து இறங்கும்போது பாதம் பிரண்டிருக்கிறது. உடம்பு பருத்திருந்தார். தலைமயிர் பாதி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் அவ்வளவு சந்தோஷம். மூத்த மகள் பாங்கில் வேலை, இளையவள் யூனிவர்சிட்டியில் என்று சொன்னார். தான் இரண்டு இடத்தில் கிளீனிங் வேலை செய்துதான் படிப்பித்தேன் என்றார்.

படத்தை மாட்டினேன். சின்ன விரலுக்கு மேலே எலும்பில் ஒரு மெல்லிய வெடிப்பு. பெருவிரல் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவில், மயிரிழை போல இரண்டு கோடுகள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் சிவப்புப் பொட்டை ஒட்டினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று விட்டிருக்கலாம். பேச்சுவாக்கில், கடைசியாக எப்போது ஜிபியிடம் போனீர்கள் என்று கேட்டேன். ஜிபியின் கடிதங்களை வாசிக்க நேரமில்லை, மூன்று வருடமாகப் போகவில்லை என்றார். இரத்தம் சோதித்தீர்களா? இல்லை. அறிக்கை போய்ச் சேர்ந்து, ஜிபி கடிதம் போட்டு, அதுவும் மேசை லாச்சிக்குள் கிடக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, எலும்பிலை சின்ன வெடிப்பு ஒண்டு இருக்கு. அது ஆறிப்போகும். ஆனால் காலிலை ஓடுற குழாயிலை கல்சியம் படிஞ்சிருக்கு. சிலருக்கு அது சீனி வருத்தத்தாலை வாறது. சில பேருக்கு இதயத்துக்கும் கூடாது. உங்களுக்கு அப்பிடியோ எண்டு என்னாலை சொல்ல ஏலாது. இந்தக் கிழமையே ரத்தம் சோதிக்க வேணும்."

ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் மேசையில் இருந்தபடி என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"அவற்ற படத்திலையும் இது இருந்ததோ?"

எனக்கு நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து வருடம் ஆகிவிட்டது, ஆயிரக்கணக்கான படங்கள். அவர் நம்பியிருப்பார். ஆனால் நினைவில்லை என்று சொன்னால், தன் காலில் இருப்பதும் பெரிய விடயமில்லை என்று எடுத்துக்கொள்வார். அந்த ஒரு கணத்தில் அதைத்தான் யோசித்தேன். இல்லை, இன்னொன்றும் இருந்தது. இனியும் என்னால் தாங்க முடியவில்லை.

"இருந்தது அக்கா."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். அண்டைக்கே கண்டனான்."

அவர் குனிந்து, வீங்கிய காலில் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார். உதவிக்குக் கையை நீட்டினேன். கையை விலக்கினார்.

"பூசைக்கு வந்தனீங்கள். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். சக்கர நாற்காலியோடு பின்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு என் கணவரிடம் சொன்னபோது, உண்மையைச் சொன்னதற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டார். உண்மையைச் சொல்ல ஒரு நாள் இருந்தது. அதை நான் தவறவிட்டேன். பத்து வருடத்துக்குப் பிறகு சொன்னபோது அது அந்த மனிசிக்கு இரண்டாம் முறை கணவர் செத்தது போல ஆகிவிட்டது. அவருக்கு ஆறுதலாக இருந்த ஒரே ஒரு நாளையும் நான் பறித்துவிட்டேன். அதோடு கோபத்தில் டொக்டரிடம் போகாமல் விட்டுவிடுவாரோ என்ற பயம் வேறு. மறுநாள் காலையில் அவருடைய ஜிபியின் கிளினிக்குக்குப் போன் எடுத்து, அறிக்கை வருகிறது, இந்த நோயாளியைத் தயவுசெய்து தேடிக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். அதைச் செய்ய எனக்கு அதிகாரம் இருந்ததா என்று இன்றும் நிச்சயமில்லை.

ஆறு கிழமை கழித்துப் பாதத்தை மறுபடி படம் எடுக்க அவர் வந்தார். என்னிடம் வரவில்லை. வேறு ஆள் வேண்டும் என்று வரவேற்பில் கேட்டிருக்கிறார். அவருக்குப் படம் எடுத்தவள் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நோய்கள் என்ற இடத்தில், முன்பு வெறுமையாக இருந்த கட்டத்தில், சீனி வருத்தம், இரத்த அழுத்தம் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இரண்டு மருந்துகளின் பெயர், அஸ்பிரின் என்று இன்னொன்று. அந்தத் தாளை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

நீங்கள் என்னிடம் ஒரு விதி கேட்பீர்கள். கேட்காததையும் பார்க்க வேண்டும், பார்த்ததை உரியவருக்கு எழுத வேண்டும், எதைப் பார்த்தோம் எதைப் பார்க்கவில்லை என்று நோயாளிக்கு விளங்குகிற மொழியில் முழுதாகச் சொல்ல வேண்டும். இவ்வளவும் இன்று உங்கள் பயிற்சியிலேயே இருக்கிறது. நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் மொழி பேசுகிற ஒருவர் வந்தால் கூடுதல் கவனமாக இருங்கள். அவர் உங்களை மற்றவர்களைவிட அதிகம் நம்புவார்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால், டூட்டிங்கில் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். அப்பர் டூட்டிங் ரோட்டில் எதிர்ப்பக்கமாகத் திரேசா வந்துகொண்டிருந்தார். கூட ஒரு மகள், மகளின் கையில் ஒரு குழந்தை. மெலிந்திருந்தார். என்னைக் கண்டார். கண்டதை நானும் கண்டேன். மகளிடம் ஏதோ சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். கூப்பிட நினைத்தேன். கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று நின்றுவிட்டேன். இரண்டு கையிலும் சாமான் பையோடு, எங்கும் நிற்காமல், மகளை முந்திக்கொண்டு நடந்தார். ஸ்டேஷன் வாசல்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். படியில் இறங்கும்போதுகூட அவர் கால் தயங்கவில்லை, கைப்பிடியையும் தேடவில்லை.